அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

சிதம்பரம் கீழ வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பெண், இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு கேள்விக்குச் சைபர் வாங்கிக் கொண்டு வந்து விட்டாளாம். ‘ஹௌ ஆஃபன் டு யூ விஸிட் யுவர் கிராண்ட்மதர்?’ என்பது கேள்வி. பெண் எழுதிய பதில்: ‘நோ, ஐ டு நாட் கோ ஆஃபன்.’ பாட்டி இருப்பது கடலூரில். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் போக முடியும். “உள்ளதைத்தானே அம்மா எழுதினேன்?” என்று குழந்தை கண்ணைக் கசக்குகிறாளாம். “ஆஃபன் என்றால் அடிக்கடி என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் என்ன பிசகு? எத்தனை தடவை போனால் அது ஆஃபன்?” என்று தாயார் கேட்கிறார்.

பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அது லேசான கேள்வி அல்ல. பெரிய பெரிய பேராசிரியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். சில சமயம் ஓர் உயிரே அந்தக் கேள்வியில் தொங்குவதும் உண்டு. ஆகையால் இந்த வாரம் அந்த ஒரு சொல்லையே எடுத்துக் கொள்வோம்.

முதலில் குழந்தையின் வழக்கைத் தீர்த்து விடலாம். ‘ஆஃபன்’ என்று தனியாகச் சொன்னால் அடிக்கடி என்றுதான் அர்த்தம். தாயார் சொன்னதில் பிசகே இல்லை. ஆனால் ‘ஹௌ’ என்ற சொல் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் அதன் குணம் மாறி விடுகிறது. ‘ஹௌ ஓல்ட்?’ என்று ஒன்றரை வயதுக் குழந்தையைக் காட்டியும் கேட்கிறார்கள். அந்தக் குழந்தையைக் கிழவி என்றா சொல்கிறார்கள்? வயது என்ன என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதே மாதிரி ‘ஹௌ ஆஃபன்?’ என்றால் ‘அடிக்கடி போவாயா?’ என்று அர்த்தமில்லை. ‘எத்தனை நாளைக்கு ஒரு தடவை போவாய்?’ என்று அர்த்தம். ‘வருஷத்துக்கு இரண்டு தடவை’ என்பது அதற்குச் சரியான பதில். ‘போனதே இல்லை’ என்பதும் சரியான பதில்தான்.

இதில் தமிழுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பரீட்சைப் புத்தகங்களிலும் சில விண்ணப்பத் தாள்களிலும் ‘நீங்கள் எவ்வளவு அடிக்கடி வெளியூர் செல்கிறீர்கள்?’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தமிழ் வீட்டிலாவது யாராவது அப்படிக் கேட்டுக் காதால் கேட்டதுண்டா? நாம் கேட்கும் விதமே வேறு. பஸ் ஸ்டாண்டில், “பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டா?” என்கிறோம். பால்காரரிடம், “ஒரு நாளைக்கு எத்தனை வேளை கறக்கிறது?” என்கிறோம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடத்தில், “மாசத்துக்கு ஒரு தரமாவது அனுப்புவீர்களா?” என்கிறோம். கேள்வியிலேயே நாள், மாசம், வருஷம் என்று ஒரு படியை எடுத்து வைத்து விட்டு, அந்தப் படியால் எத்தனை என்று அளக்கச் சொல்கிறோம். இங்கிலீஷ்காரர் படியைக் கொடுக்காமலே ‘அள’ என்கிறார். குழந்தை திகைத்ததில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பெண் இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறாள். நடுவிலே ‘டி’ என்ற எழுத்து இருக்கிறதே, ‘ஆஃப்டன்’ என்று சொல்ல வேண்டாமா? சொன்னாலும் தவறில்லை, சொல்லாவிட்டாலும் தவறில்லை. பழைய இங்கிலீஷில் இந்தச் சொல் ‘ஆஃப்ட்’ என்று குட்டையாகத்தான் இருந்தது. பிறகு வால் முளைத்து ‘ஆஃப்டன்’ ஆயிற்று. வால் முளைத்த பிறகு நடுவிலிருந்த ‘டி’ நாக்கில் தேய்ந்து போயிற்று. ‘லிஸன்’, ‘ஃபாஸன்’, ‘காஸில்’ முதலிய சொற்களில் ‘டி’ எழுத்தில் மட்டும் நின்று கொண்டு வாய் திறவாமல் இருக்கிறது அல்லவா? அப்படித்தான் இதுவும். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகப் பெருக, எழுத்தைப் பார்த்து உச்சரிக்கும் வழக்கம் வந்தது. போன ‘டி’ திரும்பி வந்து விட்டது. இன்றைய அகராதிகள் இரண்டையும் ஒப்புக் கொள்கின்றன.

இந்த உச்சரிப்பை வைத்து ஒரு வேடிக்கை நாடகத்தில் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கில்பர்ட், ஸல்லிவன் என்ற இரட்டையர் 1879-ல் அரங்கேற்றிய ‘பென்ஸான்ஸ் கடற்கொள்ளைக்காரர்கள்’ என்ற இசை நாடகம் அது. அதில் வரும் கொள்ளைக்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள். அநாதைகளைத் தொட மாட்டார்கள். ஒரு கிழட்டுத் தளபதி தப்பித்துக் கொள்வதற்காக, தான் ஓர் அநாதை என்று புளுகுகிறார். அநாதைக்கு இங்கிலீஷில் ‘ஆர்ஃபன்’. அந்தக் காலத்துச் சீமை நாகரிக உச்சரிப்பில் ‘ஆர்ஃபன்’, ‘ஆஃபன்’ இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அவர் சொன்னது அநாதையா, அடிக்கடியா என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் திண்டாடுகிறார்கள். அதே நாடகத்தின் கதாநாயகன் பிறந்தது பிப்ரவரி 29-ந் தேதி. இருபத்தோராவது பிறந்த நாள் வரை கொள்ளைக்காரரிடம் வேலை செய்ய வேண்டும் என்பது அவன் பேரில் எழுதிய ஒப்பந்தம். பிறந்த நாள் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அவன் கதி என்ன ஆவது? ‘எத்தனை நாளைக்கு ஒரு தடவை’ என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்களின் கதி அதுதான்!

சரி, இந்தச் சொல்லை வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது? சிதம்பரத்துக்காரர்கள் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. ஏனென்றால் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம் ஊரோடு ஒட்டிக் கொண்டு இருக்கிறது. அங்கே 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர், வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று ஆங்கிலேயர்களே கொண்டாடிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். இங்கிலீஷ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பானவர் வாழ்ந்த ஊரில் பிசகாகப் பேசலாமா?

விதி சுலபம். வேலையைச் சொல்லும் வினைச் சொல்லுக்கு முன்னால் ‘ஆஃபன்’ வரும்: ‘ஐ ஆஃபன் கோ டு சிதம்பரம்.’ ‘ஈஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்றவை தனியாக வந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும்: ‘ஷி ஈஸ் ஆஃபன் லேட்.’ இரண்டும் சேர்ந்து வந்தால் நடுவில் வரும்: ‘ஐ ஹாவ் ஆஃபன் ஸீன் ஹிம்.’ ‘ஆல்வேஸ்’, ‘ஸெல்டம்’, ‘நெவர்’ முதலிய இதன் உறவுக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே இடம்தான்.

இன்னொன்று. வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது நம்மவர்கள், ‘டெய்லி ஐ ஆம் கோயிங் டு டெம்பிள்’ என்று சொல்லி விடுகிறோம். அது இந்த நிமிஷம் நடந்து கொண்டிருப்பதற்கு உரிய வடிவம். வழக்கத்துக்கு ‘ஐ கோ’ போதும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இங்கிலீஷ்காரர்களே வழக்கத்துக்கு அந்த ‘இங்’கைப் போட்டுப் பேசுவார்கள். எங்கே தெரியுமா? சண்டையில்! ‘யூ கம்ப்ளெயின்’ என்றால் நீ குறை சொல்கிறாய், அவ்வளவுதான். ‘யூ ஆர் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்’ என்றால், “எப்பப் பார்த்தாலும் மூக்கால் அழுது கொண்டே இருக்கிறாய்” என்று அர்த்தம். கடுகடுப்பு அந்த ‘இங்’கில் இருக்கிறது. நம்முடைய ‘எப்பப் பார்த்தாலும்’ என்ற பிரயோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இங்கிலீஷ் கிடைக்காது.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். எத்தனை தடவை என்றால் அது ‘அடிக்கடி’?

1944-ல் அமெரிக்காவில் ஸிம்ப்ஸன் என்பவர் மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். ‘எப்போதும்’, ‘அடிக்கடி’, ‘சில சமயம்’, ‘அபூர்வமாக’ என்று இருபது சொற்கள். ஒரு காரியம் 100-க்கு எத்தனை தடவை நடந்தால் இந்தச் சொல்லைச் சொல்வீர்கள் என்று கேட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1968-ல், ஹேக்கல் என்ற இன்னொருவர் அதே பரீட்சையைத் திரும்ப நடத்தினார். ‘அடிக்கடி என்பது எத்தனைக்கு ஒரு முறை?’ என்பதே அவருடைய கட்டுரையின் தலைப்பு. இரண்டு தடவையும் ‘ஆஃபன்’ என்ற சொல்லுக்கு நடுத்தரமாகக் கிடைத்த எண் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் இருந்தது. ‘ஸம்டைம்ஸ்’ இருபது, முப்பதில் நின்றது. ஆனால் ஸ்வாரஸ்யம் அந்த எண்ணில் இல்லை. ஒருவர் மனத்தில் இருந்த எண்ணும் அடுத்த நாற்காலிக்காரர் மனத்தில் இருந்த எண்ணும் வெகு தூரம் விலகி நின்றன. ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்லிக் கொண்டு, ஒருவரை ஒருவர் புரிந்து கொண்டதாக நினைத்துக் கொண்டிருந்தார்கள்!

அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. நம் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். “உங்க வீட்டுக்காரர் அடிக்கடி காபி குடிப்பாரா?” என்றால் ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று அர்த்தம். “அடிக்கடி சினிமாவுக்குப் போவார்களா?” என்றால் மாசத்துக்கு இரண்டு. “குழந்தைக்கு அடிக்கடி ஜுரம் வருகிறது” என்றால் மூன்று மாசத்தில் மூன்று தடவை வந்தாலே போதும். மாமியார், “நீ அடிக்கடி பிறந்தகம் போகிறாய்” என்று சொன்னால் அது வருஷத்துக்கு இரண்டு தடவையாகக்கூட இருக்கும். அதே மாமியார், “என் பெண் அடிக்கடி வருவதே இல்லை” என்று அலுத்துக் கொள்ளும்போது, அந்தப் பெண் மாசத்துக்கு ஒரு முறை வந்து போயிருப்பாள். எண் ஒரு பக்கம். சொல் ஒரு பக்கம். வேண்டியது எத்தனை தடவை வந்தாலும் அடிக்கடி ஆகாது. வேண்டாதது இரண்டாவது தடவை வந்தாலே அடிக்கடிதான்.

தமிழ்ச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். அடிக்கு அடி, அதாவது ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஒரு தடவை என்பதுதான் ‘அடிக்கடி’. கடிகாரத்தைப் பார்த்து உண்டான சொல் அல்ல. காலைப் பார்த்து உண்டான சொல். பலமுறை என்பதற்குப் ‘பலகால்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. அங்கேயும் ஒரு கால் வந்து நிற்கிறது! மற்றச் சொற்களைக் கேட்டால் ஆளின் ஊரே தெரிந்து விடும். ‘இரண்டு வாட்டி’ என்பார் ஒருவர். ‘ரெண்டு தரம்’ என்பார் யாழ்ப்பாணத்துக்காரர். ‘ரெண்டு தபா’ என்பார் சென்னைக்காரர். அந்தத் தபா உருதுவிலிருந்து வந்த விருந்தாளி.

அடியைப் பற்றிப் பேச வந்தால் சிதம்பரத்தை விட்டுப் பேச முடியுமா? தூக்கிய திருவடியைக் காண்பதற்காகவே உலகம் வந்து போகும் ஊர் அது. வளைத்துத் தூக்கிய அந்தப் பாதத்துக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர். அதையே பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கும் ஊர். ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அந்தக் கோயிலின் ஒழுங்கில் ‘அடிக்கடி’ என்ற பேச்சே கிடையாது. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. நாள்தோறும் ஆறு காலப் பூஜை. ஆனந்த நடராஜருக்கு அபிஷேகம் வருஷத்துக்கு ஆறே தடவை. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை என்று நட்சத்திரத்தை வைத்து மூன்று. ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களில் சதுர்த்தசித் திதியை வைத்து மூன்று. மூலவரே தேரில் ஏறி வீதிக்கு எழுந்தருள்வது ஆனியிலும் மார்கழியிலுமாக இரண்டு தடவை. இந்த இரண்டின்போதுதான் ஆயிரங்கால் மண்டபத்தில் மகாபிஷேகம்.

நாளைக்கு ஆறு, வருஷத்துக்கு ஆறு: இந்த ஒற்றுமை ஏன் என்று கேட்டால், பெரியவர்கள் ஓர் அழகான கணக்குச் சொல்வார்கள். நமக்கு ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள். ஆகவே மார்கழி அவர்களுக்கு வைகறை, மாசி காலைச் சந்தி, சித்திரை உச்சிக் காலம், ஆனி சாயங்காலம், ஆவணி இரண்டாம் காலம், புரட்டாசி அர்த்தசாமம். நமக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை நடப்பதாகத் தெரிகிற அபிஷேகம், அவர்கள் கணக்கில் நாள் தவறாமல் வேளைக்கு வேளை நடக்கிற பூஜை! அடிக்கடியா, அபூர்வமா என்பது பார்ப்பவரின் நாள் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது.

அதே ஊரைப் பற்றி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த வார்த்தையே பெயராகி நின்றவர் ஒருவர் உண்டு. ஆதனூர் நந்தனார். தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை பொங்கும். பிறந்த குலத்தைக் காட்டி உள்ளே விட மாட்டார்களே என்ற நினைவு வந்ததும் கால் நின்று விடும். ‘நாளைப் போவேன்’ என்பார். மறுநாளும் அதே ஆசை, அதே தயக்கம், அதே ‘நாளை’. சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடிய அறுபத்துமூவரில் அவர் பெயர் திருநாளைப்போவார். பிறகு 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். கே. பி. சுந்தராம்பாள் 1935-லும், எம். எம். தண்டபாணி தேசிகர் 1942-லும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். அவர் எத்தனை தடவை ‘நாளை’ என்று சொன்னார்? யாரும் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. அந்த ‘அடிக்கடி’யில் இருப்பது கணக்கு அல்ல, தாகம். அவரைத் தாமதிக்க வைத்தது சோம்பல் அல்ல என்பதையும், ஊர் கட்டி வைத்திருந்த வேலி என்பதையும் அந்தப் பெயரே இன்று வரை சொல்லிக் கொண்டிருக்கிறது.

மனசு பேசுகிற இடத்தில் ‘அடிக்கடி’ மிகவும் அழகான சொல். “என் பிள்ளை அடிக்கடி போன் செய்வான்” என்று ஒரு தாயார் பெருமையாகச் சொன்னால், எத்தனை தடவை என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ஆனால் உடம்பு பேசுகிற இடத்தில் இந்தச் சொல்லை நம்பவே கூடாது. அங்கே எண் வேண்டும்.

“பச்சைக் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடு” என்று சொல்லி விட்டுப் போய் விடுவார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது நாலு தடவையா, பதினாலு தடவையா என்று எப்படித் தெரியும்? பிறந்த சில வாரங்களில், இரவையும் சேர்த்து 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரவில் எழுப்பிக் கொடுக்க வேண்டி வருகிறதே என்று பதறுகிற பெண்ணுக்கு, அந்த எண் தெரிந்தால் பாதிப் பயம் போய் விடும்.

வயிற்றுப் போக்குக் கண்ட குழந்தைக்கு “உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடு” என்பதும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டர். அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், சிறு கரண்டியாலோ வாயாலோ கொஞ்சம் கொஞ்சமாக. கடையில் வாங்கும் பொட்டலத்தில் எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த அளவை மாற்றக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. முடக்குவாதத்துக்கும் ஸொரியாஸிஸ் என்ற தோல் நோய்க்கும் ‘மெத்தோட்ரெக்ஸேட்’ என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல மருந்து; பல பெண்களின் விரல்களை மடங்காமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த நோய்களுக்கு அதைச் சாப்பிட வேண்டியது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். மற்ற மாத்திரைகளை எல்லாம் தினமும் சாப்பிட்டுப் பழகின கை, இதையும் தினமும் எடுத்துப் போட்டு விட்டால் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமே வற்றிப் போகும், வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. பல தேசங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 2019-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனம், ‘வாரம் ஒரு முறை’ என்பது கண்ணில் படும்படி எச்சரிக்கை செய்ய வேண்டும் என்று புதிய ஏற்பாடுகளைக் கொண்டு வந்தது.

வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருந்தால், “வாரத்துக்கு ஒன்று” என்பதோடு விடாதீர்கள். எந்தக் கிழமை என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. இங்கிலீஷில் அதை ‘மன்’ என்று சுருக்கி எழுதினால், ‘மார்னிங்’ என்று படித்துத் தினம் காலையில் கொடுத்து விடக் கூடுமாம்! கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாத்திரை சாப்பிட்டதும் அந்த வட்டத்தில் ஒரு கோடு. பெரியவர்களுக்கு மறதி வரும், காலண்டருக்கு வராது.

நம் ஊர் டாக்டர்கள் சீட்டில் எழுதும் 1-0-1 என்ற குறிப்பு, உண்மையில் மிகவும் நல்ல ஏற்பாடு. காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. எந்தப் பாஷைக்காரரும் படித்துக் கொள்ளலாம். ‘எஸ். ஓ. எஸ்.’ என்று எழுதியிருந்தால் மட்டும் கேட்டு விட்டு வாருங்கள். தேவைப்பட்டால் சாப்பிடலாம் என்பது அதன் அர்த்தம். ஆனால் எப்போது தேவை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்ற இரண்டும் அந்த மூன்று எழுத்தில் இல்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் சொல்லி விடுகிறேன். ‘இந்த மருந்தால் தலைசுற்றல் சாதாரணமாக ஏற்படும்’ என்று படித்து விட்டு மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய முறைப்படி அந்தக் காகிதத்தில் ‘காமன்’ என்று போட்டால், நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்று அர்த்தம். ‘ரேர்’ என்றால் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. படிக்கிறவர்கள் அந்தச் சொற்களை அதைவிடப் பல மடங்கு பெரிதாக எடுத்துக் கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எழுதினவர் மனத்தில் ஐந்து. படித்தவர் மனத்தில் ஐம்பது!

கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. ‘எங்கள் ஊருக்கு அடிக்கடி புயல் வரும்’ என்று அலுப்போடு சொல்வீர்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024-ல் ஃபெங்கல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். இருபது வருஷத்தில் நாலு பெரிய அடி. இதைப் பார்த்து விட்டு, ‘இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம், வந்து போய் விட்டது, இனிப் பேரன் காலத்தில்தான்’ என்று யாராவது சொன்னால் நம்பி வீடு கட்டாதீர்கள். ‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை’ என்பதற்கு நிபுணர்கள் சொல்லும் அர்த்தம், ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். இந்த வருஷம் வந்ததால் அடுத்த வருஷத்துக்கு லீவு கிடையாது. முப்பது வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்தால், அப்படி ஒரு வெள்ளம் வாசலுக்கு வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அஸ்திவாரத்தை உயர்த்த வேண்டுமா என்று மேஸ்திரியிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இங்கிலீஷ்காரர்களுக்கும் இந்தச் சங்கடம் தீர்ந்தபாடில்லை. ‘பைவீக்லி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை என்றும் அதற்கு அர்த்தம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றும் அர்த்தம். அகராதியைத் திறந்தால் இரண்டும் போட்டிருக்கிறது. கடன் தவணையை ‘பைவீக்லி’யாகக் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், பாருங்கள்! தமிழில் ‘வாரம் இருமுறை’, ‘மாதம் இருமுறை’ என்று பத்திரிகை அட்டையிலேயே போட்டு விடுகிறோம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆகவே சகோதரிகளே, பெண்ணுக்கு ‘ஆஃபன்’ என்றால் அடிக்கடி என்றே சொல்லிக் கொடுங்கள். கூடவே, யாராவது “அடிக்கடி” என்று சொன்னால் எப்போது சும்மா இருக்க வேண்டும், எப்போது “எத்தனை தடவை?” என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பாட்டி, “அடிக்கடி வாடி கண்ணு” என்றால் எண்ணைக் கேட்கக் கூடாது. போய் விட்டு வர வேண்டும். டாக்டரோ மருந்துக் கடைக்காரரோ “அடிக்கடி” என்றால், சீட்டைத் திருப்பி நீட்டி, “எத்தனை மணிக்கு ஒரு தடவை? எந்தக் கிழமை? எத்தனை நாள்?” என்று கேட்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. எழுதி வாங்கிக் கொண்டுதான் நகர வேண்டும்.